வந்துள்ளேன், வாக்களிப்பேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

புஷ்பவல்லி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, "மாநாடு முடியுற வரைக்கும் தெனம் எழுது. ஒரு வரியாவது எழுது" என்றார். டீச்சர் எங்களுக்கு வரலாறு எடுக்கிறார். சொன்னதை மறக்காமல் ஒரு மாதம் கழித்துக் கேட்பவர். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். திருச்சியில் ஒரு கல்லூரி அரசுப் பள்ளி மாணவர்களுக்காக மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறது. தமிழிலேயே. பதினோரு பள்ளிகள், பள்ளிக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு நாடு. நைல் நதித் தண்ணீரை எப்படிப் பகிர்வது என்று இரண்டு நாள் வாதாடி, கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வாக்களிக்க வேண்டும். சிறந்த பிரதிநிதிக்குக் கோப்பை. எங்கள் பள்ளியிலிருந்து போவது நான்: பிளஸ் ஒன் 'பி' பிரிவு, க. செம்மலர். "அந்த வாயாடிப் பொண்ண அனுப்புங்க" என்று தலைமையாசிரியர் சொன்னாராம். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பள்ளிக்கு எந்த நாடு என்பதைக் கல்லூரியிலேயே சீட்டுப் போட்டு எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு எத்தியோப்பியா. அட்லஸை விரித்துப் பார்த்தேன். நீல நைல் அங்கேதான் புறப்படுகிறது. பெரிய அணையும் அங்கேதான். எகிப்து கீழே, கடலோரம். எங்கள் ஊரோ காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். பதினாறு வருடம் வால்பக்கம் இருந்தவளுக்குத் தலைப்பக்கம் கிடைத்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டிக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த நாடும்மா?"

"எத்தியோப்பியா."

"தண்ணி இருக்கா அங்க?"

"நெறைய இருக்குப்பா."

"நல்லாருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

கல்லூரியிலிருந்து இரண்டு பக்க நாட்டுக் குறிப்பும் நாற்பது பக்க விதிப் புத்தகமும் வந்தன. குறிப்பின் கடைசி வரியை டீச்சர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்: "எத்தியோப்பியா தன் அணையின் இயக்கம் பற்றி எவருக்கும் கட்டாய வாக்குறுதி தராது." இந்த மாநாட்டுக்கு அதுதான் என் நாட்டின் கொள்கை. அதை மீறினால் நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள்.

"நீ என்ன நெனைக்கிறங்கறது அங்க முக்கியம் இல்ல செம்மலர். நாடு என்ன நெனைக்குதோ அதத்தான் பேசணும். கடைசியில வாக்கெடுப்பு வரும்போது 'நடுநிலை'ன்னு சொல்லிரு. யாருக்கும் கோவம் வராது, கோப்பையும் தப்பாது."

சரி என்றேன். அந்தச் சிவப்புக் கோட்டு வரியைக் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்கிறது. மேட்டுக்காரியாக இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வயலுக்குப் போனேன். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் முருகையன் சைக்கிளில் வந்தார். அப்பா வரப்பிலிருந்தே கேட்டார்.

"என்னா முருகையா, நம்ம தண்ணி முறை எப்ப?"

"எனக்கு என்னாண்ண தெரியும். மேலேருந்து உத்தரவு வந்தா தொறப்பேன்."

"வருமா வராதா?"

"அதையும் அவங்கதான் சொல்லணும்."

அவர் போய்விட்டார். போன வருடம் இதே நேரம் தண்ணீர் வரும் என்று நம்பி அப்பா நெல்லை விதைத்தார். வரவில்லை. விதை மண்ணிலேயே கருகியது. மறுபடியும் விதை தேடி, மறுபடியும் விதைத்தார். இந்த வருட விதை இப்போது எங்கள் கூடத்தில் மூட்டைகளாகக் கிடக்கிறது. நான் படிக்கும் இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுக்கிறார். திரும்பி வந்து சட்டையை ஆணியில் மாட்டுவார். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்பதில்லை.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தண்ணி இல்லன்னா இல்லன்னு சொல்லிப்புடட்டும். இல்லன்னு சொல்றவன் மேல எனக்குக் கோவமே கெடையாது. சொல்லாம இருக்கான் பாரு, அவன்தான் என் வெதைய கருக்குறான்."

கையெழுத்துப் பழக மட்டும்தான் இதை எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விதிப் புத்தகத்தில் பேச்சு பற்றிய பகுதியை மூன்று முறை படித்தேன். வருகைப் பதிவு, வாக்கெடுப்பு என்று மீதியெல்லாம் சலிப்பு. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவை எதிரில் உட்கார வைத்து ஒத்திகை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். "எங்கள் மலையில் பெய்யும் மழை எங்கள் மழை. எங்கள் வீடுகளில் விளக்கெரிய எங்களுக்கு அணை வேண்டும். அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது எங்கள் உரிமை" என்று முடித்தேன்.

"நீ பேசுறதக் கேட்டா எனக்கே ஒன்னய ரெண்டு சாத்தலாம்போல இருக்கு" என்றாள் அம்மா.

அப்படியென்றால் நன்றாக வந்திருக்கிறது.

அப்போது அப்பா உள்ளே வந்தார். நிறுத்திக்கொண்டேன். "பேசு பேசு, நானும் கேக்குறேன்" என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். கட்டியும்தான் இருந்தது, லேசாக.

ஆகஸ்ட் 21, வியாழன்

மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சி. மூன்று பஸ். டீச்சருக்கு வழியெல்லாம் வாந்தி. கல்லூரி விடுதியில் இடம் கொடுத்தார்கள். மின்விசிறி சுற்றுகிறது, சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். நாளை காலை ஒன்பதரைக்குச் சபை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

குதிரை லாட வடிவில் மேசைகள். ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர்ப்பலகை. அகர வரிசைப்படி உட்கார வைத்தார்கள். முதலில் உகாண்டா, அடுத்து எகிப்து, அடுத்து எத்தியோப்பியா. நதியின் இரண்டு முனைகளும் தமிழ் எழுத்தால் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டன. எகிப்தாக உட்கார்ந்திருந்தவன் மாதேஷ். மேட்டூர் அணைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி. அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தண்ணீர் புறப்படும் ஊர்க்காரன் கடைமடைக்காகப் பேசப் போகிறான். கடைமடைக்காரி அணைக்காகப் பேசப் போகிறேன்.

அவைத்தலைவர் கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிய கல்லூரி அக்கா. வருகைப் பதிவு எடுத்தார். பெயர் படிக்கப் படிக்க ஒவ்வொருவரும் எழுந்து, "வந்துள்ளேன்" என்றோ, "வந்துள்ளேன், வாக்களிப்பேன்" என்றோ சொல்ல வேண்டும். உகாண்டா "வந்துள்ளேன்" என்றது. மாதேஷும் அதையே முணுமுணுத்தான். அவ்வளவு சின்னதாகச் சொல்வதற்கா மூன்று பஸ் மாறி வந்தேன். எழுந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "எத்தியோப்பியா. வந்துள்ளேன், வாக்களிப்பேன்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் தலையில் கை வைத்ததுபோல் தெரிந்தது. பஸ் அலுப்பாக இருக்கும்.

என் தொடக்க உரைக்குக் கைதட்டல் வந்தது. பின்னால் இருந்த நடுவர் இருவரும் குனிந்து எழுதினார்கள். மாதேஷ் பேசினான். எத்தனை கோடி கன மீட்டர், எத்தனை சதவீதம் என்று தாளைப் பார்த்துப் படித்தான். எகிப்தில் ஒரு மனிதனும் வாழவில்லை, எண்கள் மட்டுமே வாழ்கின்றன என்பதுபோல இருந்தது. தான்சானியா கொட்டாவி விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. எதிராளி சொத்தையாக இருந்தால் அவனை ஜெயிப்பதில் என்ன மதிப்பு? அந்தக் காரணத்துக்காக மட்டும்தான், மதியச் சாப்பாட்டின்போது தட்டோடு போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"தண்ணி வரலேன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"வெளைச்சல் கொறையுமுங்க. பன்னெண்டு சதவீதம்னு குறிப்புல போட்டிருக்காங்க."

"குறிப்ப விடுங்க. நீங்க தண்ணி வராத வாய்க்காலப் பாத்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். "எங்கூருல அணையத்தானுங்க பாக்கறோம். ஞாயித்துக்கெழம ஆளுங்க வந்து போட்டோ எடுத்துக்குவாங்க. தண்ணி போற எடத்த நான் பாத்ததில்லீங்க."

பொய் சொல்லாதவன். அது அவனிடம் எனக்குப் பிடித்தது. சொன்னேன். விதை மண்ணுக்குள் கிடப்பதைச் சொன்னேன். மேலே ஈரமில்லாமல், கீழே போகவும் முடியாமல், எறும்பு வரிசையாக வந்து அதை எடுத்துப் போவதைச் சொன்னேன். "எங்கப்பா என்ன சொல்வாரு தெரியுமா" என்று ஆரம்பித்து, ஒன்பதாம் தேதி இந்த நோட்டில் எழுதியதை அப்படியே சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"இத நான் சபையில சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க. நான் பதில் வெச்சிருக்கேன்."

வைத்திருக்கவில்லை. அறைக்கு வந்ததும் யோசித்துத் தயாரித்தேன். நல்ல பதில். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் இருந்த சபைக்கு ஒரு உயிர் கொடுத்தேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

கோப்பை என் மடியில் இருக்கிறது. எழுதும்போது இடிக்கிறது, ஆனால் கீழே வைக்க மனமில்லை.

முறையாகச் சொல்கிறேன். காலையில் எகிப்து ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. ஒரே ஒரு கோரிக்கை: மேலே உள்ள நாடு எப்போது, எவ்வளவு தண்ணீர் விடும் என்பதை ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அறிவித்தபடி நடக்க வேண்டும். மாதேஷ் எழுந்தான். கையில் தாள் இல்லை.

"மாண்புமிகு தலைவர் அவர்களே. தண்ணீர் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். இல்லை என்று சொல்பவர் மீது எங்கள் விவசாயிக்குக் கோபமே கிடையாது. சொல்லாமல் இருக்கிறவர்தான் அவருடைய விதையைக் கருக்குகிறார்."

ஒரு நாற்காலிகூட அசையவில்லை. நேற்று கொட்டாவி விட்ட தான்சானியா இன்று கண்ணிமைக்காமல் பார்த்தது. எங்கள் வரப்பில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னது, திருச்சியில் ஏசி போட்ட மண்டபத்தில் ஒலித்தது. பின்னால் ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. இதை மறைக்க மாட்டேன்.

பிறகு தலைவர், "எத்தியோப்பியா, மறுமொழி" என்றார்.

எழுந்தேன். "மாண்புமிகு எகிப்தின் வேதனையை மதிக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் எவ்வளவு மழை பெய்யும் என்பது எங்களுக்கே தெரியாது. தெரியாததை எப்படி அறிவிப்பது? நாங்கள் ஒரு தேதி சொல்லி, அதை நம்பி உங்கள் விவசாயி விதைத்து, அன்று தண்ணீர் வராவிட்டால், அந்த விதையைக் கருக்கியது யார்? பொய்யான தேதி மௌனத்தைவிடக் கொடியது. அந்தப் பாவத்தை எத்தியோப்பியா செய்யாது."

சொல்லி முடித்ததும் சபை என் பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது. கென்யா தலையாட்டியது. ருவாண்டா எழுதிக்கொண்டது. கைதட்டல் மாதேஷுக்கு வந்ததைவிட அதிகம்.

வாக்கெடுப்பு. டீச்சர் சொன்னபடி "நடுநிலை" என்று சொல்லக் காத்திருந்தேன். அப்போது தலைவர் அக்கா விதியைப் படித்தார்: வருகைப் பதிவில் "வாக்களிப்பேன்" என்று சொன்ன நாடு நடுநிலை வகிக்க முடியாது. ஆதரவு அல்லது எதிர்ப்பு, இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதினோரு பேரில் அப்படிச் சொல்லியிருந்தது நான் ஒருத்திதான். டீச்சர் நேற்று தலையில் கை வைத்தது பஸ் அலுப்பில் இல்லை.

என் பெயர் வந்தபோது, "கடைசியில் சொல்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். ஒருமுறை அப்படிக் கேட்க அனுமதி உண்டு என்று அக்கா சொல்லியிருந்தார். மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். யாரும் நடுநிலை கேட்கவில்லை. முடிந்தபோது ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஐந்து.

"எத்தியோப்பியா?"

மாதேஷ் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் பெயர்ப்பலகையை நேராக்கிக்கொண்டிருந்தான். நான் எத்தியோப்பியா. சிவப்பு மையில் அடிக்கோடிட்ட நாடு. விதி என்னைக் கட்டிப்போட்டிருந்தது. வேறு என்ன சொல்ல முடியும்?

"எதிர்ப்பு" என்றேன்.

தீர்மானம் தோற்றது. ஒரு மணி நேரம் கழித்துச் சிறந்த பிரதிநிதி எத்தியோப்பியா என்று அறிவித்தார்கள். "கடைசி நொடிவரை தன் நாட்டை விட்டுக்கொடுக்காதவர்" என்று நடுவர் சொன்னார். டீச்சர் அழுதேவிட்டார். எங்கள் பள்ளிக்கு வெளியூரிலிருந்து வரும் முதல் கோப்பை இது.

கிளம்பும்போது மாதேஷ் ஒரு துண்டுச்சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். சபையில் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சீட்டு. "நல்லாப் பேசுனீங்க. உங்கப்பாகிட்ட எகிப்து நன்றி சொன்னதாச் சொல்லுங்க." கீழே ஒரு கைபேசி எண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திரும்பி வரும் பஸ்ஸில் செய்ய ஒன்றும் இல்லாததால், படிக்காமல் விட்ட விதிகளைப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது "வாக்களிப்பேன்" விவகாரம். என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பெருமைக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். நடுநிலை சொல்ல முடிந்திருந்தால் எகிப்தைத் தோற்கடித்த பழி எனக்கு வந்திருக்காது.

அடுத்த பத்தியையும் படித்தேன். இரு பக்கமும் சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கொள்ளப்படும் என்று போட்டிருக்கிறது.

தஞ்சாவூர் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நான் நடுநிலை சொல்லியிருந்தாலும் ஐந்துக்கு ஐந்து. அப்போதும் தோற்றிருக்கும். "ஆதரவு" என்று சொல்லியிருந்தால் மட்டும்தான் ஜெயித்திருக்கும். அதைச் சொல்ல எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. மதிப்பெண் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

கோப்பை வேண்டும் என்று இருந்தது எனக்கு. எழுதிவிட்டேன்.

வீட்டில் அப்பா கோப்பையை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, டிவி மேல் வைத்தார். "எதப் பத்திம்மா பேசுன?" என்று கேட்டார். "தண்ணி பத்திப்பா" என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிரேயரில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். எண்ணூறு பேர் கைதட்டினார்கள். நன்றாக இருந்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆகஸ்ட் 27, புதன்

டீக்கடையில் அப்பா எல்லோரிடமும், "கடைமடைக்காரங்களுக்காகப் பேசி ஜெயிச்சுட்டு வந்திருக்கு எம்பொண்ணு" என்று சொல்கிறாராம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாயங்காலம் பள்ளி விட்டு நேரே வயலுக்குப் போனேன். அப்பா வரப்பில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசியது அணைக்காரன் பக்கம் என்று. எகிப்துப் பையன் பேசியது அப்பாவின் பேச்சு என்று. அது மண்டபத்தையே அசைத்தது என்று. கடைசி வாக்கு என்னுடையது, அதைப் போட்டு அப்பா பேச்சைத் தோற்கடித்தேன் என்று. கோப்பைக்காக என்றும் சொன்னேன்.

அப்பா மண்வெட்டியைக் கரையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் சொன்னத ஏசி ரூம்புல சொன்னானா அந்தப் பய?"

"ஆமாப்பா. ஒருத்தரும் அசையல."

"அதுக்கு நீ என்ன பதில் சொன்ன?"

"அத எதுக்குப்பா."

"சொல்லும்மா. நான் ஆறு வருஷமா குறைதீர் கூட்டத்துல இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாசன அதிகாரி என்னமோ சொல்றாரு, எல்லாரும் தலைய ஆட்டுறாங்க, நான் உக்காந்துடுறேன். எங்க மாட்டிக்கிறேன்னே தெரிய மாட்டேங்குது. நாளைக்கும் கூட்டம் இருக்கு. நீ அந்த அதிகாரின்னு வெச்சுக்க. நான் கேக்குறேன். சபையில சொன்ன மாதிரியே சொல்லு, கொறைக்காம சொல்லு."

அப்பா எழுந்து நின்றார், தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு. கேட்டார். நான் சொன்னேன். மழை எங்களுக்கே தெரியாது, தெரியாததை எப்படி அறிவிப்பது, பொய்யான தேதி மௌனத்தைவிடக் கொடியது. ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை.

அப்பா தலையாட்டினார். "ஆமா, இதத்தான் அந்த ஆளும் சுத்தி வளைச்சுச் சொல்லுவாரு. நல்லாத்தான் சொல்லிருக்க" என்றார். மண்வெட்டியை எடுத்துப் பாதி வரப்பைச் செதுக்கி முடித்தார். பிறகு திரும்பினார்.

"தெரியாதுன்னா, தெரியாதுன்னே எழுதிப் போடட்டும்."

"என்னப்பா?"

"தெரியாதுங்கிறதும் ஒரு சேதிதான? தேதி தெரிஞ்சா தேதிய போடு. இல்லன்னா இல்லன்னு போடு. ரெண்டும் இல்லாட்டி தெரியாதுன்னு போடு. 'தெரியாது'ன்னு போர்டுல பாத்தா நான் பாதி வெதைய வெதைப்பேன், பாதிய வீட்டுல வெச்சிருப்பேன். மொத்தமும் கருகாதுல்ல? பொய் சொல்லச் சொல்லி யாரு கேட்டா?"

நான் வாயைத் திறந்தேன். பதினோரு நாடுகளுக்கு முன்னால் நின்று பேசியவள், கோப்பை வாங்கியவள். என்னிடம் பதில் இல்லை. எத்தியோப்பியாவிடமும் இருக்காது. இந்த ஒரு வரி சனிக்கிழமை மாதேஷிடம் இருந்திருந்தால், ஐந்து பேர் எதிர்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. கொஞ்சம் மெதுவா. 'சேதிதான'ங்கிற எடத்துல நிறுத்துங்க" என்றேன்.

ஆறு தடவை ஒத்திகை பார்த்தோம். நான் ஆறு தடவையும் தோற்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு போனேன். பெரிய கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், இருநூறு பேருக்கு மேல். ஆட்சியர் நடுவில். அப்பா பெயரைப் படித்ததும், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார்.

"கலியபெருமாள். கடைமடை. வந்திருக்கேன்" என்றார் மைக்கில். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தன் பேச்சைச் சொன்னார். பாசன அதிகாரி மைக்கை இழுத்து, "அய்யா, மழையும் நீர்வரத்தும் எங்களுக்கே முன்கூட்டித் தெரியாதுங்க. தப்பான தேதி சொன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சபையில் நான் சொன்னதேதான். கூடத்தில் பாதித் தலைகள் ஆடின. வழக்கமாக அப்பா உட்கார்ந்துவிடும் இடம் இது.

அப்பா உட்காரவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதிப் போடுங்க சார். தெரியாதுங்கிறதும் ஒரு சேதிதான?" என்றார். அங்கே நிறுத்தினார். நான் சொன்ன இடத்தில், சரியாக. பிறகு பாதி விதைக் கணக்கைச் சொன்னார்.

அதிகாரி மைக்கைத் தள்ளி வைத்தார். பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். ஆட்சியர், "இதுல என்ன சிரமம்? ஒவ்வொரு மதகுலயும் ஒரு போர்டு வையுங்க. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை எழுதுங்க" என்று சொல்லி, குறித்துக்கொள்ளச் சொன்னார்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "யாரும்மா அது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

மதகுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரம். முருகையன் சாக்பீஸால் எழுதினார்: "அடுத்த தண்ணீர் முறை: இன்னும் தெரியாது." கடைமடைக்காரர்கள் பத்துப் பேர் நின்று அதைப் படித்தோம். 'தெரியாது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆட்களை நான் கண்டதில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, விதை மூட்டைகளில் சரியாகப் பாதியை மட்டும் பிரித்தார். கூடத்தில் எனக்குப் படிக்க இடம் கிடைத்துவிட்டது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த சீட்டை எடுத்தேன். அப்பாவின் போனை வாங்கி, அந்த எண்ணுக்கு அனுப்பினேன்:

"மாண்புமிகு எகிப்து அவர்களுக்கு. உங்கள் தீர்மானம் ஒரு திருத்தத்துடன் எங்கள் ஊரில் நிறைவேறியது. திருத்தம் கொண்டு வந்தவர் எங்கள் அப்பா. எத்தியோப்பியா வந்திருந்தது. ஆதரவாக வாக்களித்தது."